தோடம்பழம் அடுக்கும் விதத்தை நிரூபிக்க 400 வருடமா? ஏன்?

எங்கள் திருகோணமலைச் சந்தையில் தோடம்பழம் அடுக்குபவரைப் பாருங்கள். கீழே மூன்று பழம் சேரும் பள்ளத்தில் மேற்பழத்தை வைப்பார். இடத்தில் ஏறத்தாழ 74 சதவீதம் நிரம்பிவிடும். இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611இல் சொன்னார், நிரூபிக்கவில்லை.

இந்த அடுக்கு, ஒழுங்கான மற்ற அடுக்குகளை மட்டும் வென்றால் போதாது (அதை கணிதவியலாளர் கவுஸ் 1831இலேயே முடித்துவிட்டார்). தாறுமாறாகக் கொட்டிய குவியல்களையும் வெல்ல வேண்டும், அவற்றுக்குக் கணக்கே இல்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் தோமஸ் ஹேல்ஸ் அவற்றைச் சில ஆயிரம் வகைகளாகச் சுருக்கி, கணினியின் துணையோடு 1998இல் நிரூபணம் தந்தார். அதைச் சரிபார்த்த நடுவர்கள் வருடக்கணக்கில் பார்த்துவிட்டு, சரிதான் என்பது 99 சதவீதம் நிச்சயம் என்றார்கள். கணிதத்தில் இதெல்லாம் ஒரு பதிலா? மனுஷன் விடவில்லை. ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்த்த நிரூபணத்தை 2014இல் ஒரு குழுவோடு முடித்தார்.