ஸ்டார் நிறைய வாங்குகிறான், எழுதத்தான் வரவில்லை

வணக்கம் அக்கா,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பையனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. மூன்றரைக்கு ஸ்கூல் விட்டு வந்துவிடுவான். நான் வீட்டிலேயே துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலை எடுத்துச் செய்கிறேன், அதனால் ஆறு மணி வரை போன் அவன் கையில்தான். சும்மா யூடியூப் பார்ப்பதற்குப் பதிலாகப் படிக்கட்டுமே என்று நாலு படிப்பு ஆப் இறக்கிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஸ்டார் ஸ்டாராக வாங்குகிறான். ஆனால் சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னால் பாதி வரவில்லை. இதற்கு நடுவில் ஒரு கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து, டேப்லெட்டோடு மூன்று வருடப் பேக்கேஜ், மாதத் தவணை என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் வாங்கிவிடலாம் என்கிறார். எந்த ஆப் நல்லது, நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

வணக்கம்மா,

முதலில் அந்தத் தவணைப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள், மற்றதை நிதானமாகப் பேசுவோம். ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை இன்றைக்கே வாங்கி வைக்க என்ன அவசரம்? மூன்றாவது மாதமே அவன் அதைத் தொடாமல் விட்டாலும் தவணை நிற்காது, ஏனென்றால் பல இடங்களில் அந்தத் தவணை என்பது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்கள் பெயரில் போடும் கடன். தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் முறைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுறுத்தியது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஏபிசிமௌஸ் என்ற பெயர்பெற்ற குழந்தைகள் ஆப், சேர்வதைச் சுலபமாகவும் விலகுவதைப் பெரும்பாடாகவும் வைத்திருந்த புகாரில் 2020இல் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நீங்கள் இறக்கிய நாலில் ஏதாவது ‘ஃப்ரீ ட்ரையல்’ என்று சொல்லி ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி, கேட்டிருந்தால், இன்றைக்கே உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பார்த்து ரத்து செய்துவிடுங்கள்.

சரி, ஸ்டார் விஷயம். பையன் தூங்கிய பிறகு அந்த ஆப்பை நீங்களே திறந்து, வேண்டுமென்றே தப்பான பதிலாகப் போடுங்கள். ஒரு ஆப் எப்படிப்பட்டது என்பது சரியான பதிலில் தெரியாது, தப்பான பதிலில்தான் தெரியும். ‘ஆடு எங்கே?’ என்று கேட்கிறது, நாலு படம் இருக்கிறது. மாட்டைத் தொட்டால் ஒரு ‘டொய்ங்’. நாயைத் தொட்டால் இன்னொரு ‘டொய்ங்’. மூன்றாவதாக ஆட்டின் மேல் விரல் பட்டதும் பலூன், கைதட்டல், ஸ்டார். நாலையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் எப்படியும் ஸ்டார் விழும் என்பதைக் குழந்தைகள் மளமளவென்று கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் பையனும் அதைத்தான் கண்டுபிடித்திருப்பான் என்று நினைக்கிறேன். சிலேட்டில் தட்டிப் பார்க்க நாலு படம் இல்லையே! அவனைத் திட்டாதீர்கள், அந்த ஆப் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

தப்பு செய்தால் நல்ல ஆப் என்ன செய்யும்? ஸ்க்ராட்ச் ஜூனியர் என்று ஒன்று இருக்கிறது, கட்டளைக் கட்டங்களை அடுக்கித் திரையில் இருக்கும் பொம்மையை நகரவைக்கும் ஆப். அமெரிக்காவில் எம்ஐடியும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 5 முதல் 7 வயதுக்காரர்களுக்கென்று உருவாக்கி 2014இல் வெளியிட்டது. காசு இல்லை, விளம்பரம் இல்லை. கட்டளைக் கட்டங்களில் எழுத்தே கிடையாது, எல்லாம் அம்புக்குறியும் படமும்தான், அதனால் எந்த மீடியத்தில் படிக்கிற பிள்ளையும் விளையாடலாம். ஒரு பூனை நிற்கும். அதை வீட்டு வாசல் வரை நடக்கவைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலதுபக்க அம்பைப் போட்டால், அதன் கீழே 1 என்று இருக்கும், பூனை ஒரு சின்ன அடி நகர்ந்து நின்றுவிடும். பையன் 1ஐ 9 ஆக்குவான், பூனை வீட்டைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் 6. கொஞ்சம் குறைகிறது, 7. ‘டொய்ங்’ கிடையாது, ஸ்டாரும் கிடையாது. வாசலுக்கு வந்ததா இல்லையா என்று அவன் கண்ணே சொல்லும், அடுத்து எந்த எண் போடலாம் என்று அவன்தான் யோசிக்க வேண்டும். 6க்கும் 9க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது இப்படி மண்டையில் ஏறினால் சிலேட்டிலும் வரும். அது டேப்லெட்டுக்கென்று செய்த ஆப், போனில் கிடைக்காமல் போகலாம், யாரிடமாவது பழைய டேப்லெட் சும்மா கிடந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், புதிதெல்லாம் வேண்டாம்.

இங்கிலீஷுக்கும் எண்ணுக்கும் கான் அகாடமி கிட்ஸ் இருக்கிறது, 2018இல் வந்தது, அதற்கும் காசோ விளம்பரமோ இல்லை. பேசுவது அமெரிக்க உச்சரிப்பு, முதல் வாரம் அவனுக்குப் புரியாது, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும். விளம்பரத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கான 135 ஆப்களை எடுத்துப் பார்த்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது, 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகையில் விளம்பரம் இருந்தது. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி எங்கே இருக்கிறது என்று பெரியவர்களே தேடும்போது ஆறு வயது என்ன செய்யும்?

எனக்கு ரொம்பப் பிடித்ததைக் கடைசியாக வைத்திருக்கிறேன், அது ஆப் என்றுகூடச் சொல்ல முடியாது. பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழில் நிறையப் படக்கதைகள் உண்டு, நாலு படிநிலையாகப் பிரித்திருப்பார்கள், இலவசமாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். முதல் படிநிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு சின்ன வரிதான். பிசிறு வெட்டும்போது உங்கள் கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால் நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை, “என்னது, திருப்பிச் சொல்லு” என்றால் போதும். ஆப்கள் மூலம் குழந்தைகள் எப்போது உண்மையாகக் கற்கிறார்கள் என்று கேத்தி ஹர்ஷ்-பசேக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2015இல் எழுதியபோது நாலு விஷயம் சொன்னார்கள், அதில் ஒன்று இன்னொரு மனிதரோடு பேச்சு நடப்பது. மூன்று வருடப் பேக்கேஜில் இல்லாத விஷயம் இதுதான்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். 5 முதல் 10 வயது வரை ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னது. உங்கள் வீட்டில் சாயங்காலம் மட்டுமே இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, ராத்திரி டிவி தனி. அரை மணி பூனை, அரை மணி கதை, அதோடு போனை வாங்கி வைத்துவிடுங்கள். முதல் நாலு நாள் அழுவான், வீட்டைத் தலைகீழாக்குவான், ஒரு கட்டிங் வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்துக் கொடுங்கள், எதையாவது செய்துகொண்டிருப்பான். ஆப் மாறி யூடியூபுக்கு ஓடிவிடுகிறான் என்றால் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘ஸ்கிரீன் பின்னிங்’ அல்லது ‘ஆப் பின்னிங்’ என்று தேடுங்கள், பின் நம்பரோடு போட்டுவிட்டால் அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. நம்பரை அவன் எதிரில் அடிக்காதீர்கள்.

பழைய நாலு ஆப்பையும் அவன் ஸ்கூலில் இருக்கும்போது நீக்கிவிடுங்கள். எங்கே என்று கேட்டால் போனில் இடம் இல்லை என்று சொல்லுங்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.