மலிவான மருந்தா, கண்ணுக்குத் தெரியும் மருந்தா?

கேள்வி: தேன்கனிக்கோட்டை அருகே விவசாயம் செய்கிறேன், உரிமம் பெற்ற .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். டெக்சாஸில் வசிக்கும் என் மச்சான், தம்முடைய .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பத் தொடங்கியுள்ளார். டைட்குரூப் என்ற துப்பாக்கி வெடிமருந்தை வாங்கினால் ஒரு டப்பாவில் கூடுதல் தோட்டாக்கள் நிரப்பலாம் என்று கடையில் சொன்னார்களாம். உடன் சுடுபவர்கள் யூனிக் என்ற மருந்தை வாங்கச் சொல்கிறார்களாம். எதை வாங்குவது? பொங்கலுக்கு வரும்போது எனக்கும் ஒரு டப்பா கொண்டுவருவதாகச் சொல்கிறார். சேர்த்து வைத்துள்ள, சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை நான் நிரப்பிக்கொள்ளலாமா?

பதில்: தங்கள் மச்சானுக்கு யூனிக்கையே சொல்வேன். அந்நாட்டில் மருந்து பவுண்டு கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு பவுண்டு எடை என்பது 7000 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு). கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்குச் சில கிரெயின் மருந்தே போதும் என்பதால், எந்த மருந்தை வாங்கினாலும் ஒரு பவுண்டு டப்பாவில் ஆயிரம் தோட்டாக்களுக்கு மேல் தேறும். அதில் மிச்சமாகும் சிறு தொகைக்காக மருந்தைத் தேர்ந்தெடுப்பது, அதிலும் புதிதாகத் தொடங்குபவர் அப்படித் தேர்ந்தெடுப்பது, எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் பார்க்க வேண்டியது கூட்டின் உட்புறத்தை. .38 ஸ்பெஷல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அதிக இடம் பிடிக்கும் பழைய கருமருந்தின் காலத்து அளவுகளையொட்டி உருவானது. அதனால் அதன் பித்தளைக் கூடு பெரியது. டைட்குரூப் போன்ற அடர்த்தியான, விரைந்து எரியும் மருந்தை உரிய அளவில் இட்டால் அது கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்துவிட்டாலும் இடம் மிச்சமிருக்கும் என்பதால், பார்ப்பவருக்கு எளிதில் தெரியாது. அந்தத் தோட்டாவைச் சுட்டால் ரிவால்வரின் உருளையே பிளக்கக்கூடும். கையும் கண்ணும் போகும். யூனிக் தட்டையான செதில்களாக இருப்பதால் அதிக இடத்தை அடைக்கும். இரட்டிப்பாக விழுந்தால் மேலே ஏறி நிற்பது கண்ணில் படும். மருந்தை அளந்து கூட்டில் விடும் கருவியில் அது டைட்குரூப்பைப் போல் சீராக இறங்காது என்பது உண்மையான குறைதான். அவ்வப்போது தராசில் நிறுத்துச் சரிபார்த்தால் அதைச் சமாளிக்கலாம். எந்த மருந்தானாலும், குண்டைப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தே தீர வேண்டும்.

தராசைப் பற்றி ஒன்று. ஒரு கிராம் ஏறக்குறைய 15.4 கிரெயின். கிராமில் எண்ணிப் பழகிய நம்மவர்கள், தராசு எந்த அலகில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மருந்தின் அளவையும் அதைத் தயாரித்த நிறுவனம் வெளியிட்ட அட்டவணையிலிருந்து, அதே மருந்துக்கும் அதே எடையுள்ள குண்டுக்கும் உரியதாகவே எடுக்க வேண்டும். உடன் சுடுபவர் வாய்வழியாகச் சொன்ன அளவை நம்பக் கூடாது. மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும். வேறு பாட்டிலுக்கு மாற்றினால், பின்னொரு நாள் அது எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. காரமான நெடியோ செம்மண் நிறத் தூசியோ தென்பட்டால், அது கெட்டுப்போன மருந்து.

இனித் தங்கள் விஷயம். கொண்டுவர வேண்டாம் என்று மச்சானிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் டைட்குரூப், யூனிக் போன்ற புகையில்லா வெடிமருந்தைக் கைப்பையிலும் கொண்டுசெல்ல முடியாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கொண்டுசெல்ல முடியாது. இங்கே, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐந்தாவது பிரிவின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். தங்களிடம் இருப்பது துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் மட்டுமே. தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் கருவிகளும்கூட அச்சட்டத்தில் தோட்டா என்றே கொள்ளப்படுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை. அது ஆயுள் வரை நீளலாம். ஆகவே காலிக் கூடுகளை நிரப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் தங்கள் பகுதியை நினைத்து எழுதுகிறேன். தளி, அஞ்செட்டி, பென்னாகரம் காட்டோரங்களில் கருமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. வெளிநாட்டு மருந்து ஒரு டப்பா ஊருக்குள் வந்தால், அதில் ஒரு பிடி கேட்டு யாரேனும் வருவார்கள். புகையில்லா மருந்து தரும் அழுத்தத்தை அந்தக் குழல்கள் தாங்காது. சுடுபவர் முகத்தருகே வெடித்துவிடும். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து உயிர்கள் போனதைப் பார்த்த மாவட்டம் இது.

தங்கள் ரிவால்வருக்குப் பூனாவை அடுத்த கட்கி தொழிற்சாலையில் தயாராகும் .32 தோட்டா உண்டு. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. உரிமம் பெற்ற கடையில் பெட்டி பிரிக்கப்படாததா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது தங்கள் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வாங்கிய எண்ணிக்கை ரசீதிலும் உரிமத்திலும் ஒன்றாகப் பதிவாகியுள்ளதா என்று கடையில் நிற்கும்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு சரிசெய்யப் போனால் அலைச்சல் தங்களுக்குத்தான்.