மூட்டம் போட்ட வானமும் மூட்டை யூரியாவும்

கேள்வி: ஐயா, மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) சம்பா. பி.பி.டி. 5204 ரகம், 25 நாள் நாற்று, நட்டு 35 நாள் ஆகிறது. பத்து நாளாக வெயிலே இல்லை. பகலெல்லாம் தூறல், ராத்திரி புழுக்கம். அடியிலைகள் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. “வெயில் இல்லாம பயிர் பட்டினி கெடக்கு, ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டு, ஒளிச்சேர்க்கை டானிக்கும் அடிங்க” என்கிறார் உரக்கடைக்காரர். டானிக்கை டேங்குக்கு எவ்வளவு கலப்பது? மகசூல் போய்விடுமா? ஆள் பற்றாக்குறையில் குத்துக்கு ஐந்தாறு நாற்று வைத்து நெருக்கி நட்டுவிட்டார்கள்.

பதில்: தம்பி, டானிக்குக்கு நான் அளவு சொல்லப்போவதில்லை. வாங்காதீர்கள். வெயிலுக்குப் பதிலாக இலைக்குக் கொடுக்கும் சரக்கு எந்தப் பாட்டிலிலும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர், நீங்கள் பயந்திருக்கும் நாளைப் பார்த்து விற்கிறார்.

மகசூலைப் பற்றி இப்போதைக்குக் கலங்க வேண்டாம். உங்களுடையது 60 நாள் பயிர், பக்கத் தண்டுகள் வெடித்துத் தூர் கட்டும் பருவம். இந்தப் பருவத்தில் பத்து நாள் வெயில் குறைந்தால் நெல் பெரும்பாலும் பின்னால் ஈடுகட்டிவிடும். இன்னும் மூன்று வாரத்தில் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும். அது முதல் பூக்கும் வரை வெயில் குறைந்தால் கதிரில் மணிகளின் எண்ணிக்கை குறையும். பால் பிடிக்கும்போது குறைந்தால் பதர் கூடும். கார்த்திகை அடைமழை ஓய்ந்து, மார்கழி, தை வெயிலும் பனியும் சேரும் நாளில் கதிர் வரும்படி நம் பெரியவர்கள் சம்பாவை அமைத்தது வீண் போகவில்லை.

அந்தப் பனிக்கும் விளைச்சலுக்கும் தொடர்பு உண்டு. இலை வெளிச்சத்தில் மட்டும்தான் சர்க்கரை தயாரிக்கும். ஆனால் சுவாசம் இரவு பகல் எந்நேரமும் நடக்கும். தயாரித்ததில் ஒரு பங்கை அது எரித்துக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த எரிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேகம் பகலில் வெயிலை மறைக்கிறது, இரவில் தரையின் சூட்டை வெளியே போகவிடாமல் மூடுகிறது. வரவு குறைந்த அதே நாளில் செலவு குறையாமல் இருப்பதுதான் உங்கள் வயலின் சங்கடம். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. பகல் உச்ச வெப்பத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

இனி, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன விஷயம். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அடியிலை மஞ்சளாவதற்கு மேகம் பாதிக் காரணம் என்றால் நெருக்கம் மீதிக் காரணம். தனி இலை ஒன்றுக்கு முழு வெயிலில் பாதி கிடைத்தாலே ஏறக்குறைய போதும். மேலிலை மறைக்கும் அடியிலைக்கு மூட்ட நாளில் அந்தப் பாதியில் சிறு பங்குதான் போய்ச் சேரும். தான் தயாரிப்பதைவிடத் தான் எரிப்பது அதிகமாகி, அது பழுக்கிறது. இந்த நேரத்தில் யூரியா போட்டால் மேலிலை அகன்று, கருத்து, தொங்கி, அடியை இன்னும் இருட்டாக்கும். யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறிய இலை சுவாசத்திலும் கூடுதலாக எரிக்கும். அதோடு, பி.பி.டி. 5204 குலைநோய்க்குச் சுலபமாக விழும் ரகம். தூறல், ஈர இலை, மிஞ்சிய தழைச்சத்து மூன்றும் சேர்ந்தால் நோயை நாமே கூப்பிட்டு உட்காரவைத்தது போல. இலையில் நடுவே சாம்பல் நிறமும் ஓரம் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் அன்றே வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடுங்கள் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். “ஒரு அடி நிலம் வீணாப் போவுதே” என்கிறார்கள். வீணாவது அந்த ஓரடி இல்லை, இருட்டில் பழுத்து விழும் இலைகள்தான். பட்டத்தின் ஓரக் குத்துகளை எண்ணிப் பாருங்கள், தூர் எங்கே அதிகம் என்று தெரியும். காற்றும் புகும், புகையான் பூச்சியும் அடங்கும். அடுத்த நடவில் குத்துக்கு இரண்டு, மூன்று நாற்றுக்கு மேல் வைக்க விடாதீர்கள். கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். இந்தப் பயிருக்கு இப்போதும் வழி உண்டு. எட்டடிக்கு ஒரு முறை, கம்பை வைத்து வகிடு எடுப்பது போலப் பயிரை இரு பக்கமும் ஒதுக்கிவிடுங்கள்.

நாளைக் காலையில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மஞ்சளுக்குத் தேங்கிய தண்ணீரும் காரணம். வாய்க்காலில் இடம் இருக்கும்போதே வடித்து, மண்ணுக்குக் காற்று காட்டுங்கள்.

யூரியாவை, இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப் பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையைக் கேட்டுப் போடுங்கள், கடைக்காரரைக் கேட்டு அல்ல. காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடம்பு நிழலில், முழுதாக விரிந்த மேலிலையாகப் பத்துக் குத்துகளில் வைத்துப் பாருங்கள். அடியிலையில் பார்த்தால் ஏமாறுவீர்கள். உங்கள் ரகத்துக்கு எல்லை 3. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே காட்டினால் ஏக்கருக்கு 26 கிலோ, அதுவும் வானம் வெளுத்த பிறகு, தண்ணீரை வடித்துவிட்டு. காட்டாவிட்டால் மூட்டையைப் பிரிக்காமல் வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி அட்டையோடு வயலில் இறங்குங்கள்.