கடன் வாங்கி எம்.பி.ஏ. வேண்டாம், அவள் பைக் ஓட்டக் கற்றுத்தரட்டும்

“என் மகளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்” என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பட்டம் முடித்துவிட்டாள், பல வருடமாக பைக் ஓட்டுகிறாள். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மேல்நிலைப் பயிற்சி தரும் பயிற்றுநராக ஆசைப்படுகிறாள். கடன் வாங்கியாவது எம்.பி.ஏ. சேர்த்துவிடச் சொல்கிறார் பெரியப்பா.

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. ஆனாலும் மகளுக்குப் புத்தி சொல்ல நான் தயாராக இல்லை. அவள் கேட்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை, அவள்தான். கடன் தலையில் ஏறிவிட்டால் பிடிக்காத வேலையைக்கூட விட முடியாது.

‘பைக் ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையா?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981-ல் வெளியான பைக் விபத்து ஆய்வைச் சொல்லுங்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். முறையாகக் கற்றுத்தர ஆள் வேண்டியிருக்கிறது.

கற்றுத்தர என்ன இருக்கிறது என்கிறீர்களா? வேகமாகப் போகும் பைக்கை இடப்பக்கம் சாய்த்துத் திருப்ப, ஹேண்டில்பாரின் இடது பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். எல்லோரும் தெரியாமலே செய்வதுதான். தெரிந்து செய்யாதவர்கள் பதற்றத்தில் விறைத்துப்போகிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு மாறும். அது மாறுவதற்குள் முன்பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி இல்லாத வண்டியில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். படிப்படியாக அழுத்தினால் அதே பிரேக் உயிரைக் காப்பாற்றும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். வளைவில் சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் இடத்தைப் பார்க்க வேண்டும். அது விலகிப்போனால் வளைவு விரிகிறது, நெருங்கி வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குழியையே முறைத்துப் பார்ப்பவர் குழிக்குள்தான் போவார்.

இதையெல்லாம் தான் செய்வது வேறு, அடுத்தவரைச் செய்யவைப்பது வேறு. பயிற்றுநர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு, ஹெட்செட்டில் பேசிக்கொண்டு கவனிப்பார். ஒருவர் வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்குகிறார் என்றால் காரணம் பார்வையா, விறைத்த கையா, அதிக வேகமா என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். ஐந்து சொன்னால் எதுவும் நிற்காது. எனக்கு இந்தத் தொழில்மேல் மரியாதை வந்ததே இந்த நுட்பத்தால்தான்.

இது புதிதாக முளைத்த துறையும் இல்லை. கீத் கோட் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலை 1980-ல் தொடங்கினார். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மேல்நிலைப் பயிற்சி தரும் பிரிட்டன் அமைப்பான ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட் 1956-ல் பிறந்தது. ஆனால் அங்கே கூடவே ஓட்டி வழிகாட்டுபவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதனால் முதல் சில வருடங்களுக்கு வேறொரு வருமானமும் வேண்டும். பயிற்சிப் பள்ளிகள், பந்தயத் தடப் பயிற்சிகள், ஊழியர்களை பைக்கில் அனுப்பும் நிறுவனங்கள் என்று வாய்ப்பு இருக்கிறது. மாதச் சம்பளம்போல் நிலையாக வராது.

சரி, மகளிடம் ஒன்றை மட்டும் சோதியுங்கள். பயந்து பயந்து ஓட்டும் ஒருவருக்குப் பின்னால், அவருடைய வேகத்திலேயே ஒரு நாள் முழுக்க அவள் போகட்டும். எரிச்சலோடு வந்தால் அவளுக்குப் பிடித்தது வேகம் மட்டும்தான், பயிற்றுநர் வேலை வேண்டாம் என்று நானே சொல்வேன். அவர் எங்கே தடுமாறினார், ஏன் என்று பேசிக்கொண்டே வந்தால் தடுக்காதீர்கள்.

செலவில் நான் கறார். முதல் பணம் விபத்துக் காப்பீட்டுக்கு, அடுத்தது நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸுக்கு, அப்புறம் அனுபவமுள்ள பயிற்றுநரிடம் அவளே மாணவியாகச் சேர்வதற்கு. புதிதாகப் பெரிய பைக் கேட்டால் கொடுக்காதீர்கள். இப்போது இருக்கும் வண்டியிலேயே அவள் கற்கலாம்.