கூட்டணி எந்த இடத்தில் விரிசல் விடும்?

கேள்வி: வளரும் நாடுகளின் வர்த்தகக் கூட்டணிகள் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஒரே குரலில் பேசும் நாடுகள் கடைசி நேரத்தில் பிரிவதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பெருமளவு முடியும். கூட்டறிக்கையை எடுத்து, அதில் மழுப்பலாக எழுதப்பட்ட பகுதியை முதலில் தேடுங்கள்.

2003 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பின் பேச்சுவார்த்தையில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தந்த வேளாண் வரைவுக்கு எதிராக இந்தியா, பிரேசில் உள்ளிட்ட நாடுகள் ஜி-20 அமைத்தன (நிதியமைச்சர்கள் கூடும் ஜி-20 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). பணக்கார நாடுகளின் மானியத்தை வெட்டச் சொல்வதில் அவை கறாராக இருந்தன. தங்கள் இறக்குமதி வரி என்று வந்ததும் பிடி தளர்ந்தது. காரணம் எளிது: பிரேசில் சோயாவும் சர்க்கரையும் இறைச்சியும் விற்கும் நாடு, இந்தியாவுக்கோ சிறு விவசாயியைக் காக்க வரி வேண்டும்.

2008 ஜூலையில் ஜெனீவாவில் நடந்த பேச்சுவார்த்தையில் கூட்டணி அதே இடத்தில்தான் உடைந்தது. இறக்குமதி திடீரெனப் பெருகினால், ஒப்புக்கொண்ட உச்சவரம்பையும் தாண்டி வரியை உயர்த்தலாம், ஆனால் இறக்குமதி 40% கூடியிருக்க வேண்டும் என்றது உலக வர்த்தக அமைப்பின் அன்றைய தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமியின் வரைவு. பிரேசில் ஏற்றது. அவ்வளவு பெருகும்வரை காத்திருந்தால் உள்ளூர் விலை தாங்காது என்று இந்தியா மறுத்தது. மக்களவைத் தேர்தலுக்கு ஓராண்டுகூட இல்லை.

ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் ஐந்து விவரம் குறியுங்கள்: எதை விற்கிறது, எதை வாங்குகிறது, பேச்சுவார்த்தையில் எந்த அமைச்சகத்தின் கை ஓங்கியிருக்கிறது, அடுத்த தேர்தல் எப்போது, அமெரிக்காவுடனோ ஐரோப்பாவுடனோ தனி ஒப்பந்தம் பேசுகிறதா. கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2003இல் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டையொட்டி எல் சல்வடோரும் கோஸ்டாரிகாவும் ஜி-20யை விட்டு விலகின. அப்போது இரண்டுமே அமெரிக்காவுடன் தனி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தன.

தேர்தலை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் தவறும். 2014 ஜூலையில் இந்தியாவில் தேர்தல் முடிந்து, தனிப் பெரும்பான்மையுடன் புதிய அரசு வந்திருந்தது. ஆனாலும் அரசின் தானியக் கொள்முதலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று, முந்தைய அரசு பாலி மாநாட்டில் ஏற்றுக்கொண்ட, சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் வர்த்தக வசதி ஒப்பந்தத்தையே அது நிறுத்திவைத்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆதரவு விலையும் ஆட்சி மாறினாலும் எவரும் கைவைக்கத் துணியாத விஷயங்கள். அந்த நவம்பரில், நிரந்தரத் தீர்வு வரும்வரை கொள்முதல் திட்டங்களுக்கு எதிராக வழக்குத் தொடுப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு தெளிவுபடுத்தியது.

ஆகவே ஜெனீவா உரைகளோடு, அதே மாதங்களில் நாடாளுமன்றத்தில் அமைச்சர் தந்த பதில்களையும் தேதிவாரியாக அடுக்கிப் படியுங்கள். நாடாளுமன்றத்தில் தந்த வாக்குறுதி ஜெனீவாவில் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனையாக மாறுவது வரிக்கு வரி தெரியும்.