தலைமையாசிரியர் மாறினால் பிள்ளைகளின் எழுதும் திறன் மாறுமா?

மாறும், ஆனால் ஆசிரியர்கள் வழியாகத்தான். ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் விவியன் ராபின்சனும் சகாக்களும் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐந்து வகைத் தலைமைப் பணிகளில், ஆசிரியர்களோடு தலைமையாசிரியரும் உட்கார்ந்து கற்பதற்கே பலன் அதிகம்: விளைவு அளவு (மாணவர் கற்றலை எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் காட்டும் எண்; 0 என்றால் பலனில்லை, மைனஸ் என்றால் பின்னடைவு) 0.84.

எழுத்துப் பயிற்சிக்கு இது ரொம்பவே முக்கியம்; எப்படிச் சொல்லித்தருகிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாகிவிடும். அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், திட்டமிடவும் திருத்தவும் வழிமுறை சொல்லித்தருவதற்கு 0.82, இலக்கணத்தைத் தனியாக நடத்துவதற்கோ மைனஸ் 0.32! ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பத்தி எழுதி, "இந்த வரி ஒட்டலையே" என்று வாய்விட்டு யோசித்து, அழித்துத் திரும்ப எழுத வேண்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்த தலைமையாசிரியர், நோட்டில் சிவப்பு மை எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். முதல் வரைவையும் காட்டச் சொல்லிக் கேட்பார்.