பெத்லகேமில் பிறந்த இயேசுவை நித்தியமானவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது எப்படி?

பெத்லகேமில் தொடங்கியது அவருடைய மனித வாழ்க்கை மட்டுமே என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று தொடங்கும் யோவான் சுவிசேஷம், அந்த வார்த்தை தேவனாயிருந்தது என்றும், பிறகு மாம்சமானது, அதாவது இயேசு என்ற மனிதராக வந்தது என்றும் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் யோவான் 8:58. ‘ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்’ என்கிறார் இயேசு. ‘இருந்தேன்’ என்று சொல்லியிருந்தால் வயதில் மூத்தவர் என்பதோடு முடிந்திருக்கும். ‘இருக்கிறேன்’ என்பதோ எரியும் முட்செடியில் மோசே கேட்ட ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்ற கடவுளின் பெயரை நினைவூட்டுகிறது. அவர் தம்மைக் கடவுளாக்குகிறார் என்று எண்ணித்தான் கேட்டவர்கள் அவர்மேல் எறிய உடனே கல்லெடுத்தார்கள்.

சரி, கொலோசெயர் 1:15 அவரை ‘முந்தின பேறு’ (முதலில் பிறந்தவர்) என்கிறதே, அப்படியானால் அவரும் படைக்கப்பட்டவரா? சங்கீதம் 89-இல், ஈசாயின் கடைசி மகனான தாவீதையே கடவுள் ‘முதற்பேறு’ ஆக்குகிறார். அங்கே அது பிறந்த வரிசை அல்ல, உரிமையும் உயர்வும். கொலோசெயரின் அடுத்த வசனமே, சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்கிறது.

‘குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்தது’ என்று ஆரியுஸ் என்ற திருச்சபைக் குரு போதித்தபோது, கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்தது: குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுடையவர்.